ஐந்து துளைகளின் சாட்சி

ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆன்ஷூட்ஸ் நிறுவனம் போட்டி ரகத் துப்பாக்கியைப் பெட்டியில் அடைத்து அனுப்பும்போது கூடவே ஒரு சிறிய அட்டையையும் வைக்கிறது. அதே துப்பாக்கியைத் தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த அட்டை அது. நடுவே ஒற்றைத் துளைபோல ஒரு கிழிசல் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்த குண்டுகளின் விளிம்பு வளைவுகள் பிடிபடும். லட்சக்கணக்கில் செலவழித்து, உரிமத்துக்கு அலைந்து, மாதக்கணக்கில் காத்திருந்து துப்பாக்கியைக் கையில் வாங்கியவருக்கு அந்த அட்டையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும்.

அட்டையில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சில துளைகளிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்ற கேள்வி, பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிந்தாலும், புள்ளியியலின் அடிமடியில் கைவைக்கிற கேள்வி. புதிய துப்பாக்கியை ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலும் அவசரப்பட்டு.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. துளையின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து என்பது விதி. ஆகவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் 10.0 கிடைத்துவிடும். அங்கிருந்து உள்ளே வரவர, ஒவ்வொரு 0.8 மி.மீ.க்கும் பத்தில் ஒரு புள்ளி ஏறும். உச்சமான 10.9 வேண்டுமென்றால் மையத்திலிருந்து 0.8 மி.மீ.க்குள் விழ வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைபிளில் இது இன்னும் கடுமை. அங்கே பத்தாம் வளையம் அரை மி.மீ. விட்டமுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. 10.9 எடுக்க 4.5 மி.மீ. பெல்லட்டின் மையம் அந்தப் புள்ளியின் மையத்திலிருந்து கால் மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தகுதிச் சுற்றில் 60 குண்டு, அதிகபட்சம் 654 புள்ளி. இறுதிச் சுற்றுக்குள் நுழைகிறவருக்கும் வெளியே நிற்கிறவருக்கும் நடுவே பல நேரம் பத்தில் ஓரிரு புள்ளிதான் இருக்கும். ஒரு மி.மீ.யின் பின்னங்களில் பதக்கம் தீர்மானமாகிற விளையாட்டு இது.

இங்கே இரண்டு சங்கதிகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது ஒன்று. சுடுகளத்தில் இதைத்தான் குரூப் என்கிறார்கள். அந்தக் கூட்டம் இலக்கின் நடுவில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதைக் குறிகாட்டியின் திருகைச் சில கிளிக் திருப்பிச் சரிசெய்துவிடலாம். முதலாவதற்கு அப்படித் திருப்ப ஒரு திருகு கிடையாது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்கு நடந்தது இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். தகுதிச் சுற்றில் அவர், அன்றைய முழு எண் கணக்கில், 600-க்கு 596 எடுத்திருந்தார். இறுதிச் சுற்றுக்கு முன் பழகிப் பார்க்கச் சுட்டபோது குண்டு நடுவைவிட்டு வெகுதூரம் தள்ளி விழுந்தது. குறிகாட்டி எப்படியோ கலைந்திருந்தது. துப்பாக்கியின் குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டுகள் பழையபடி நெருக்கமாகவே விழும், ஆனால் வேறு இடத்தில் விழும். இருந்த சில நிமிடத்தில் அவர் திருகுகளைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தார். இறுதிச் சுற்றில் 104.5, கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். குரூப்பே கெட்டிருந்தால் அந்தச் சில நிமிடத்தில் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அதனால்தான் புதுத் துப்பாக்கியைச் சோதிக்கும்போது குண்டு நடுவில் விழுகிறதா என்று கவலைப்படாமல், எவ்வளவு சிதறுகிறது என்பதை மட்டும் முதலில் பார்க்கிறார்கள்.

சிதறல் எங்கிருந்து வருகிறது? 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது .22 லாங் ரைபிள் தோட்டா. 1887-இல் அமெரிக்காவில் பிறந்த வடிவம், இன்றுவரை பெரிய மாற்றமில்லை. 2.6 கிராம் ஈயக் குண்டு, பின்னால் 0.1 கிராமுக்கும் குறைவான வெடிமருந்து. பித்தளை உறையின் அடி விளிம்புக்குள் ஒரு சிட்டிகைப் பற்றவைப்புக் கலவை இருக்கும். அது விளிம்பு முழுவதும் சீராகப் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் மருந்து பற்றும் வேகம் மாறும், குண்டு குழலைவிட்டுக் கிளம்பும் வேகமும் மாறும்.

வேகம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். போட்டித் தோட்டாவின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 327 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி ஆகிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு குண்டை ஏறத்தாழ 12.5 செ.மீ. கீழே இழுக்கும். ஒரு குண்டு மற்றதைவிட வினாடிக்கு 3 மீட்டர் மெதுவாகக் கிளம்பினால், அதாவது நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், வீழ்ச்சி நூற்றில் இரண்டு பங்கு கூடும். இலக்கில் அது 2 மி.மீ.க்குச் சற்று மேல். பத்தில் இரண்டு மூன்று புள்ளி போயிற்று. வேகத்தை ஏன் 327-இல் நிறுத்துகிறார்கள் என்பதும் இந்த இடத்திலேயே விளங்கும். 15 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்புகிற குண்டு, போகும் வழியில் காற்றின் தடையால் மெதுவாகி, ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது அதிர்ச்சி அலைகளின் கொந்தளிப்பில் மாட்டித் தள்ளாடும். ஆரம்பத்திலிருந்தே ஒலிக்குக் கீழே போனால் அந்தத் தொல்லை இல்லை.

இதையும் மிஞ்சிய ஒன்று உண்டு. குழலுக்குள் வெட்டியிருக்கும் புரிகள் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. .22 குழல்களில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. வினாடிக்கு 327 மீட்டர் போகிற குண்டு அந்தக் கணக்கில் வினாடிக்கு 800 முறை சுழல்கிறது. குண்டின் நிறைமையம் அதன் அச்சில் சரியாக இல்லாமல் ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி போதும், இந்த விலகல் வர. குழலுக்குள் இருக்கும்வரை குண்டு அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு சுழலும். வாயைவிட்டு வெளியேறிய கணத்தில், விலகியிருந்த நிறைமையம் தொடுகோட்டுத் திசையில் வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தோடு பக்கவாட்டில் விலகத் தொடங்கும். 0.16 வினாடிக்குப் பிறகு, இலக்கில், 8 மி.மீ. சரியாக ஒரு வளையம். எந்தப் பக்கம் என்பது அந்தத் தோட்டா அறைக்குள் எந்த வாக்கில் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்தது. நூறில் ஒரு மி.மீ. பிழை ஒரு முழு வளையமாக ஊதிப் பெருகுகிறது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு எனக்கு நல்ல தோட்டா தயாரிக்கிறவர்கள்மேல் மரியாதை பல மடங்கு கூடிவிட்டது.

இந்த வகைக் கேள்விகளைப் பிடிவாதமாகத் துரத்தியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் வாழ்ந்த மருத்துவர் ஃபிராங்க்ளின் மான். ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே கை. ஆனாலும் குண்டுகள் ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை? மனிதனின் தோளும் கண்ணும் இருக்கும்வரை இதற்குப் பதில் கிடைக்காது என்று உணர்ந்து, அவற்றை முழுக்க நீக்கிவிட்டார். தரையில் ஆழப் பதிந்த கனத்த கான்கிரீட் தூண் ஒன்றைக் கட்டி, அதன்மேல் வி வடிவப் பள்ளமுள்ள இரும்புப் படுக்கையை வைத்தார். குழலை மட்டும் கழற்றி அந்தப் பள்ளத்தில் கிடத்திச் சுட்டார். அந்தத் தூணுக்கு ஜிப்ரால்டர் பாறையின் பெயரையே சூட்டியிருந்தார். பல ஆண்டுச் சோதனைகளை 1909-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட முடிவுகளில் ஒன்று பலருக்கு வியப்பு. குண்டின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டால் பெரிய பாதிப்பில்லை. அடிப்பாகத்தில் ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிட்டாலோ குண்டு கண்டபடி விலகியது. காரணம், குண்டு குழலின் வாயைத் தாண்டும்போது பின்னால் நெருக்கியடித்து வரும் வாயு, சிதைந்த பக்கத்தில் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது. காற்றைக் கிழித்துப் போகும் மூக்கைவிட, கடைசியாக விடைபெறும் அடிப்பாகம்தான் முக்கியம் என்பது நூறாண்டு கடந்தும் செல்லுபடியாகிற பாடம்.

இன்றைய சோதனைக் கூடங்கள் மான் கட்டிய தூணின் வாரிசுகளே. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே ஈலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லப்புவா நிறுவனமும் இத்தகைய கூடங்களை வீரர்களுக்காகவே நடத்துகின்றன. வீரர் தன் துப்பாக்கியைக் கொண்டுபோகிறார். அதை இரும்புப் பிடியில் இறுக்கி, வெவ்வேறு லாட் தோட்டாக்களை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கிறார்கள். லாட் என்பது ஒரே தயாரிப்பு ஓட்டத்தில் ஒரே மருந்து, ஒரே ஈயம், ஒரே இயந்திர அமைப்பில் வந்த தொகுதி. பெட்டியின்மேல் அதன் எண் அச்சாகியிருக்கும். ஒரே விலை, ஒரே பெயர், ஆனாலும் ஒரு லாட் ஒரு குழலுக்குப் பிடிக்கும், அடுத்த லாட் பிடிக்காது. இந்திய வீரர்களும் பெரிய போட்டிகளுக்கு முன் ஜெர்மனிக்குப் போய் இப்படிச் சோதித்து வாங்கிவருவது வழக்கமாகிவிட்டது.

சோதனை மேசையில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். முதலில் குழலைத் துடைக்கிறார்கள். துடைத்த குழலில் சுடும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. .22 குண்டின்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அந்தப் பூச்சு குழலின் உள்சுவரில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து நிலைப்பதற்குச் சில குண்டுகள் பிடிக்கும். வேறு நிறுவனத்தின் தோட்டாவுக்கு மாறினால் பழைய படலம் போய்ப் புதியது படிய இன்னும் பத்துப் பதினைந்து. தோட்டாவை அறைக்குள் வைத்துப் பூட்டும்போது கடைசிக் கட்டத்தில் கை ஒரு சின்ன எதிர்ப்பை உணரும். போட்டித் துப்பாக்கியின் அறை அவ்வளவு இறுக்கம். குண்டின் தோள் பூட்டும்போதே புரிகளுக்குள் புகுந்துவிடுகிறது. சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால் ஈயத்தில் புரிகளின் கீறல் வட்டமாகப் பதிந்திருப்பது தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் குண்டு நேராக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே திறந்தவெளி ரேஞ்சில் சுடுகிறவர் காற்றையும் பார்க்க வேண்டும். குறுக்கே வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசுகிற, முகத்தில் பட்டும் படாததுபோல் இருக்கிற காற்றே 50 மீட்டரில் குண்டை 6 மி.மீ. அளவுக்குத் தள்ளிவிடும். காற்று மாறுகிற நாளில் துப்பாக்கியைச் சோதிப்பது வீண்வேலை.

இவ்வளவும் செய்து, ஐந்து குண்டு சுட்டு, அட்டையைக் கையில் எடுக்கிறோம். மிக விலகிய இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளக்கிறோம். 6 மி.மீ. என்று வருகிறது. நல்ல துப்பாக்கியா?

இங்கேதான் நம் மனம் வழுக்குகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழகியவர்கள் நாம். சோற்றில் அது சரி. ஒரே நீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்த பருக்கைகளுக்குள் வித்தியாசம் சொற்பம். துப்பாக்கிக் குரூப்பில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் சொற்பமாக இருப்பதில்லை.

ஓர் உதாரணத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டுகள் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 3 மி.மீ. திட்ட விலக்கத்தோடு சிதறுகின்றன. அது மாறவே மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். இந்தத் துப்பாக்கியில் ஐந்து குண்டு குரூப்புகளைச் சுட்டுக்கொண்டே போனால் சராசரி அகலம் 9.2 மி.மீ. வரும். ஆனால் தனித்தனிக் குரூப்புகள் அந்தச் சராசரியைச் சுற்றி ஆடும் ஆட்டம் பெரிது. மூன்றில் இரண்டு குரூப்புகள் ஏறத்தாழ 6.7-க்கும் 11.7-க்கும் இடையே இருக்கும். இருபது குரூப் சுட்டால் அவற்றில் மிகச் சிறியது 5 மி.மீ. அருகிலும் மிகப் பெரியது 14 மி.மீ. அருகிலும் வருவது சாதாரணம். துப்பாக்கி அதே, தோட்டா அதே, காற்று இல்லை, பிடி இரும்புப் பிடி. ஆனாலும் ஒரு அட்டை மற்றதைவிட மூன்று மடங்கு நன்றாகத் தெரியும். நாம் கையில் வைத்திருக்கும் 6 மி.மீ. அட்டை, 2 மி.மீ. சிதறலுள்ள அருமையான துப்பாக்கியிலிருந்தும் வந்திருக்கலாம், 3 மி.மீ. சிதறலுள்ள நடுத்தரத் துப்பாக்கியின் நல்ல நேரத்திலும் வந்திருக்கலாம். அந்த ஐந்து துளைகளால் எது என்று சொல்ல முடியாது.

மூன்று குண்டு குரூப் இன்னும் மோசமான சாட்சி. அதே துப்பாக்கியில் அதன் சராசரி 7.2 மி.மீ.தான். குண்டு குறைந்தால் குரூப் சிறுக்கும், துப்பாக்கி மாறாமலே. பத்துக் குண்டுக்கு 11.4 மி.மீ. ஆகவே எத்தனை குண்டு என்று சொல்லாமல் குரூப் அளவை மட்டும் சொல்வது அர்த்தமில்லாத பேச்சு. மேலும், அகலத்தை அளக்கும்போது மிக விலகிய இரண்டே துளைகளைத்தான் பார்க்கிறோம். நடுவில் விழுந்த மூன்று குண்டுகள் தங்களுக்குள் வைத்திருந்த தகவலைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அமெரிக்க ராணுவத்தின் அபர்தீன் எறிபொருள் ஆய்வகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஃபிராங்க் கிரப்ஸ் இதைத் தீர விசாரித்து, துப்பாக்கி சுடுபவர்களுக்கும் ஏவுகணைப் பொறியாளர்களுக்கும் பொதுவாக 1964-இல் ஒரு கையேடு வெளியிட்டார். எல்லாத் துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுக்கிற முறை, அகலத்தை மட்டும் அளப்பதைவிடக் குண்டுக்குக் குண்டு அதிக உண்மையைக் கறக்கும். முன்பு இதற்கு ஸ்கேலும் பொறுமையும் வேண்டியிருந்தது. இன்று அட்டையைக் கைபேசியில் படம் எடுத்தால் செயலி கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. ஆகவே இன்னும் அகலத்தையே பிடித்துத் தொங்குவதற்கு நியாயம் இல்லை.

எத்தனை குண்டு சுட்டால் நம்பலாம்? இதற்கு எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. சுட்ட குண்டுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை இரண்டால் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால், சிதறலைப் பற்றிய நம் மதிப்பீட்டில் இருக்கும் தோராயமான பிழை கிடைக்கும். 25 குண்டு சுட்டால் பிழை நூற்றுக்குப் பத்து. 100 சுட்டால் ஐந்து. 400 சுட்டால் இரண்டரை. இரண்டு லாட்களுக்கு நடுவே நூற்றுக்குப் பத்து வித்தியாசம் இருந்து, அதை உறுதியாகப் பிரித்தறிய வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் 400 குண்டு அளவுக்குச் சுட வேண்டிவரும். .22 தோட்டா பத்துப் பெட்டி கொண்ட கட்டாக வருகிறது, கட்டுக்கு 500. ஒரு லாட்டைச் சோதிக்கவே கிட்டத்தட்ட ஒரு கட்டு காலி. உயர் ரகப் போட்டித் தோட்டாவின் விலையை அறிந்தவர்களுக்கு இந்த வரி வலிக்கும். ஆனால் கணிதம் நம் பணப்பையைப் பார்த்து இரங்குவதில்லை.

கூடத்தில் பொதுவாக லாட்டுக்கு 40 குண்டு, நான்கு அட்டைகளில் பத்துப் பத்தாகச் சுட்டு, நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். 40 குண்டில் பிழை நூற்றுக்கு எட்டு. மோசமானவற்றைக் கழிக்க இது தாராளமாகப் போதும். நல்லவற்றுக்குள் மிக நல்லதைப் பொறுக்கப் போதாது. இந்த இடத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. பத்து லாட்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பத்துக் குண்டு குரூப் சுடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லாட்களும் உண்மையில் ஒரே தரம், எல்லாவற்றுக்கும் சராசரி 11.4 மி.மீ. ஆனாலும் அட்டைகளில் ஒன்று 8 மி.மீ. காட்டும், இன்னொன்று 15-ஐ நெருங்கும். வீரர் அந்த 8 மி.மீ. லாட்டைத் தேர்ந்தெடுத்து, ஐயாயிரம் தோட்டா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். அடுத்த வாரம் சுட்டால் 11 வருகிறது. தோட்டா பயணத்தில் கெட்டுவிட்டதோ, துப்பாக்கியில் திருகு தளர்ந்துவிட்டதோ, தன் கைதான் சரியில்லையோ என்று தூக்கம் கெடுகிறது. எதுவுமே கெடவில்லை. பத்தில் சிறந்ததைப் பொறுக்கியபோது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த அதிர்ஷ்டம் மட்டும் விலகிவிட்டது.

இதே நிகழ்வை 1886-இல் பிரான்சிஸ் கால்டன் மனிதர்களின் உயரத்தில் கண்டு எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குள்ளமாக, சராசரியை நோக்கி நகர்ந்திருந்தார்கள். உச்சத்தில் இருப்பவை எல்லாவற்றிலும் கொஞ்சம் தற்செயல் கலந்திருக்கிறது. மறுமுறை அது கூட வருவதில்லை. இதற்கு மருந்து எளியது. முதல் சுற்றில் மோசமான லாட்களைக் கழியுங்கள். மிஞ்சிய இரண்டு மூன்றைப் புதிதாகச் சுடுங்கள். இரண்டாம் சுற்றின் எண்களை மட்டும் நம்புங்கள். முதல் சுற்றின் அழகான அட்டையை அதோடு சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். ஏனென்றால் அந்த அட்டை அழகாக இருந்ததால்தான் அந்த லாட்டே இரண்டாம் சுற்றுக்கு வந்தது.

தெறித்த குண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு குண்டு ஒரே துளையில், ஐந்தாவது மட்டும் 10 மி.மீ. தள்ளி. அந்த ஐந்தாவதை என் கை அசைந்துவிட்டது என்று சொல்லிக் கழித்துவிடுகிற பழக்கம் எல்லா ரேஞ்சிலும் உண்டு. கை அசைந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைத் துளை விழுந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். விசை இழுத்த கணத்தில், கண்ணாடியில் இலக்கைப் பார்க்காமல், இது கெட்ட குண்டு என்று நோட்டில் எழுதியிருந்தால் கழிக்கலாம். பார்த்த பிறகு கழிப்பது, விடைத்தாளைத் திருத்தியபின் கேள்வியை மாற்றுவதற்குச் சமம். இரும்புப் பிடியில் சுட்டபோது தெறித்த குண்டை எந்தச் சாக்கிலும் கழிக்கக் கூடாது. நூறில் ஒரு குண்டு தெறிப்பதுதான் அந்த லாட்டின் குணம் என்றால், 60 குண்டுப் போட்டியில் அது பாதிக்குப் பாதி வாய்ப்போடு வந்து நிற்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டுத் துப்பாக்கியின் சிதறலைக் குறைத்தால் வீரருக்கு எவ்வளவு லாபம்? வீரரின் சிதறலும் துப்பாக்கியின் சிதறலும் சாதாரணக் கூட்டலில் சேர்வதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள்போல் சேர்கின்றன. கர்ணம்தான் அட்டையில் தெரியும் சிதறல். வீரரின் கை 4 மி.மீ., துப்பாக்கி 3 மி.மீ. என்றால் மொத்தம் 7 ஆகாது, 5. துப்பாக்கியை 2-ஆகக் குறைத்தால் மொத்தம் 4.5-க்குச் சற்றுக் கீழே வரும். 60 குண்டில் இது ஏறத்தாழ 5 புள்ளி. உலகக் கோப்பையில் பல இடங்களைத் தாண்ட வைக்கும். அதே வீரர் இன்னும் பழகாதவர், கை 12 மி.மீ. ஆடுகிறது என்றால், துப்பாக்கி 3-லிருந்து 2-க்கு இறங்கியும் மொத்தம் 12.4-லிருந்து 12.2-க்குத்தான் வரும். கண்ணுக்கே தெரியாது. தொடக்கநிலை மாணவருக்கு விலையுயர்ந்த தோட்டாவும் லாட் சோதனையும் வாங்கித்தரும் பெற்றோர் அந்தப் பணத்தைப் பயிற்சி நேரத்தில் போடலாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த முக்கோணத்தை வைத்துத்தான். உச்சிக்குப் போகப்போகக் கணக்கு தலைகீழாகிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் நிற்கிற உயரத்தில் கை அவ்வளவு அடங்கிவிடுவதால், பெல்லட்டின் தலை 4.49 மி.மீ.யா 4.50-ஆ என்பதைக்கூடச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஏர் ரைபிள் பெல்லட் டப்பாக்களில் அந்த அளவு நூறில் ஒரு மி.மீ. வரை அச்சிட்டே வருகிறது.

கடைசியாக, குழல் அதிர்வது. குண்டு உள்ளே ஓடும் சில மில்லி வினாடிகளில் எஃகுக் குழல் தூண்டில் குச்சி மாதிரி மேலும் கீழும் துடிக்கிறது. 1901-இல் ஆர்னல்ஃப் மாலக் என்ற ஆங்கிலப் பொறியாளர் இந்த அதிர்வைக் கணித்து ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். குழலின் வாய் மேல்நோக்கி எழுந்துகொண்டிருக்கும் தருணத்தில் குண்டுகள் வெளியேறும்படி அமைந்தால் ஓர் அற்புதம் நடக்கும். மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அதற்குள் வாய் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதிகம் விழ வேண்டிய குண்டு சற்று உயர்ந்த கோணத்தில் கிளம்பி, வேகமான குண்டு விழுந்த இடத்துக்கே வந்து சேரும். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்ட் துப்பாக்கி தொலைதூரத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இன்று இதை வேண்டுமென்றே வரவழைக்க, குழலின் வாயில் ட்யூனர் என்ற சிறு எடையை மாட்டி, திருகி முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள்.

ட்யூனரை வாங்கியவர் வழக்கமாகச் செய்வது இது: ஒரு நிலையில் ஐந்து குண்டு, ஒரு கிளிக் திருப்பி ஐந்து குண்டு, இன்னொரு கிளிக், இன்னும் ஐந்து. இருபது நிலைகளில் மிகச் சிறிய குரூப் வந்த நிலையில் திருகை இறுக்கிவிடுகிறார். சற்று முன் பார்த்த உதாரணத் துப்பாக்கி, ட்யூனர் எதுவுமே செய்யாவிட்டாலும், அந்த இருபதில் ஒன்றில் 5 மி.மீ. காட்டியிருக்கும். ட்யூனர் வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டிய விதம் வேறு. மேல்கீழ்ச் சிதறலைப் பக்கவாட்டுச் சிதறலிலிருந்து பிரித்து அளக்க வேண்டும். ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் ரேடார் கருவியால் பதிந்து, மெதுவான குண்டுகள் உண்மையிலேயே மேலே வந்து சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நிலைகள் போதும், ஆனால் நிலைக்கு நூறு குண்டாவது தேவை.